லெஃப்ட்... லெஃப்ட்... ஸ்கூல் பேண்டு பத்தி நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

போன இதழ்ல குடியரசு தின அணிவகுப்பு பத்தின ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, நானும் ஸ்கூல் பேண்டு செட்ல பியூகிள்ங்கிற ஊதுகுழல் ஊதுனவன்னு ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நினைக்கல. பாம்பன்ல இருந்து மூக்கையூர் வரைக்கும், அப்புறம் துபாய், சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஊர்க்காரங்க வரைக்கும் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சாச்சு, முழுக்க பேண்டு தான்.

"சார், நான் எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சைடு டிரம் அடிச்சவன். இப்போ சொந்தமா நாட்டுப்படகு வச்சிருக்கேன். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுல பேண்டு சத்தம் கேட்டா கை தானா தொடையில அடிக்க ஆரம்பிச்சிடுது. எல்லாருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டுமா?"
வாசகர், தங்கச்சிமடம்

எல்லாருக்கும் தான் தம்பி. அது கைக்குள்ள போயிடுச்சு, இனிமே வெளியே வராது. எப்படி உள்ள போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. டிரம்மையே தொட விடாம மாசக்கணக்கா பெஞ்சுல தானே அடிக்க வச்சாங்க? வலது ரெண்டு, இடது ரெண்டு, வலது ரெண்டு, இடது ரெண்டு, மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏத்தி ஏத்தி கடைசில தனித்தனி அடியே தெரியாம ஒரே உருட்டா கேக்குற வரைக்கும். "டாடி மம்மி, டாடி மம்மி"ன்னு வாயால சொல்லிக்கிட்டே அடிப்போம், உலகம் பூரா டிரம்காரங்க ரோல்னு சொல்ற அந்த உருட்டைப் பழகுற முறை அதுதான். எங்க காலத்துல பெஞ்சு பத்தலைன்னா கடற்கரையில கவுத்துப் போட்டிருக்குற வள்ளத்து மேலயே அடிப்போம், வள்ளத்துக்காரர் வந்து சத்தம் போட்டா அடுத்த வள்ளத்துக்குப் போயிடுவோம்.

உங்க இடது காலை இப்போ பார்த்தீங்கன்னா முட்டிக்கு மேல ஒரு பழைய தழும்பு இருக்கணும், இருக்கா? சைடு டிரம் தோள்பட்டை வார்ல தொங்கி இடது தொடை மேல சாய்ஞ்சு நிக்கும், ஒவ்வொரு லெஃப்டுக்கும் அந்த இரும்பு வளையம் அதே இடத்துல வந்து இடிக்கும். முதல்ல சிவக்கும், அப்புறம் கருக்கும், அப்புறம் தோல் தடிச்சுப் போயி வலிக்காது. டிரம் அப்படி சாய்ஞ்சு நிக்குறதால தான் ரெண்டு கையும் ஒரே மாதிரி குச்சி பிடிக்க முடியாது, வலது கை மேல இருந்து பிடிக்கும், இடது கை உள்ளங்கை மேல பார்க்க பெருவிரல் இடுக்குல குச்சியை வச்சுப் பிடிக்கும். இன்னைக்கு டிரம்மை நேரா மாட்டுற பெல்ட் வந்துடுச்சு, ஆனாலும் பழைய ஆளுங்க இடது கையைப் பார்த்தாலே "இவன் வார் மாட்டி அடிச்சவன்"னு சொல்லிடலாம்.

"காக்கா (அண்ணே), எங்க தம்பி ஸ்கூல்ல பியூகிள் ஊதுறான். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தப்ப ஒரு பாட்டு வாசிடான்னு கேட்டா, இதுல பாட்டு வராது லாத்தா (அக்கா)ங்கிறான். நிஜமாவே வராதா, இல்ல அவனுக்கு தெரியலையா?"
வாசகி, கீழக்கரை

தம்பி சொல்றது சரிதான் தங்கச்சி, வராது. பியூகிளை கையில வாங்கிப் பாருங்க, அதுல அமுக்குற கட்டையும் இல்ல, விரல் வைக்குற ஓட்டையும் இல்ல. ஒரே குழாய், சுமார் நாலரை அடி நீளத்தை ரெண்டு சுத்தா மடிச்சு வச்சிருக்காங்க, ஒரு முனையில வாய் வைக்குற கிண்ணம், இன்னொரு முனையில விரிஞ்ச வாய். அவ்வளவுதான். சுரம் மாத்துறது முழுக்க உதடு மட்டும் தான். உதட்டை ஒட்டி வச்சு "ப்ர்ர்"ன்னு அதிர விடணும், சும்மா காத்தை ஊதினா ஒண்ணும் வராது. உதட்டை இறுக்கினா சத்தம் மேல ஏறும், தளர்த்தினா கீழ இறங்கும், ஆனா நம்ம இஷ்டத்துக்கு ஏறாது, குழாய் எந்த சுரத்துக்கு ஒத்துக்குதோ அந்த சுரத்துக்கு தான் தாவும்.

அந்த சுரங்கள் அஞ்சு தான். நம்ம கணக்குல சொன்னா கீழ ஸ, அப்புறம் ப, மேல ஸ, அதுக்கு மேல க, ப. ரி கிடையாது, ம கிடையாது, த, நி கிடையாது. தேசிய கீதத்தை எடுத்துக்குங்க, முதல் வரியிலேயே ரி வந்துடுது, அதனால பியூகிள்ல தேசிய கீதம் வாசிக்கவே முடியாது. அதுக்காகத்தான் நிறைய ஸ்கூல் பேண்டுல புல்லாங்குழல் வரிசை ஒண்ணு வச்சிருப்பாங்க, பாட்டு அவங்க கையில, முழக்கம் பியூகிள் கையில.

ஆனா அந்த அஞ்சு சுரத்தை குறைச்சு எடை போடாதீங்க. பட்டாளத்துல காலையில எழுப்புறது, சாப்பாட்டுக்கு கூப்பிடுறது, ராத்திரி விளக்கணைக்குறது எல்லாத்துக்கும் தனித்தனி அழைப்பு இருக்கு, எல்லாமே அந்த அஞ்சுக்குள்ள தான். துப்பாக்கி சத்தத்துக்கு நடுவுலயும் தூரத்துல இருக்குறவனுக்கு புரியணும்கிறதுக்காக உருவானது. தம்பிகிட்ட பாட்டு கேக்காதீங்க, ஒரே சுரத்தை ஆடாம எவ்வளவு நேரம் பிடிக்கிறான்னு கேளுங்க, அதுல தான் இருக்கு வித்தை.

"அய்யா, ஊர்வலத்துல பேண்டு முன்னாடி போகும், நாங்க கடைசி வரிசையில வருவோம். எவ்வளவு கவனமா இருந்தாலும் எங்களுக்கு மட்டும் ஸ்டெப் மாறிப் போகும். பி.டி. சார்கிட்ட அதுக்காக அடி வாங்காத வருஷம் இல்ல. நாங்க அவ்வளவு மோசமா?"
வாசகர், தேவிபட்டினம்

நீங்க மோசம் இல்ல, வாங்குன அடி அநியாயம். கணக்கு போட்டுக் காட்டுறேன். சத்தம் காத்துல நொடிக்கு சுமார் 340 மீட்டர் தான் போகும். குயிக் மார்ச்ல, அதாவது வழக்கமான அணிவகுப்பு நடையில, நிமிஷத்துக்கு 120 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்புக்கு அரை நொடி. இப்போ நீங்க பேண்டுக்கு 170 மீட்டர் பின்னாடி வர்றீங்கன்னு வச்சுக்குங்க, பெரிய டிரம் அடிச்ச அடி உங்க காதுக்கு வர்றதுக்கே அரை நொடி ஆயிடும். முன்னாடி லெஃப்டுக்கு அடிச்ச அடி உங்ககிட்ட வந்து சேரும்போது முன்னாடி இருக்குறவங்க ரைட்டு வைக்கிறாங்க. நீங்க காதை நம்பி நடந்தா கண்ணுக்கு தப்பு, கண்ணை நம்பி நடந்தா காதுக்கு தப்பு. 85 மீட்டர் தூரத்துல இருக்குறவன் பாடு இன்னும் கஷ்டம், அவனுக்கு அடி சரியா ரெண்டு ஸ்டெப்புக்கு நடுவுல வந்து விழும், எந்தக் காலை வைக்கிறதுன்னே தெரியாது.

இதுக்கு வழி, நீளமான ஊர்வலம்னா பேண்டை தலைப்புல போடாம நடுவுல போடுறது, தூரம் பாதியாயிடும். இல்லைன்னா கடைசி வரிசை எல்லாம் முன்னாடி இருக்குறவன் குதிகாலை மட்டும் பார்த்து நடக்கணும், டிரம்மை மறந்துடணும். இதை முதல் நாளே பசங்களுக்கு சொல்லிக் கொடுத்தா யாரையும் அடிக்க வேண்டியதே இல்ல. இப்போ பி.டி. டீச்சரா இருக்குற யாராவது இதைப் படிச்சா தயவு செஞ்சு மனசுல வச்சுக்குங்க.

"உங்களுக்கு மறக்க முடியாத மார்ச் எது சார்?"
வாசகர், உச்சிப்புளி

மார்ச் பண்ணினதை விட அதுக்காக போன பயணம் தான் எனக்கு முதல்ல ஞாபகம் வருது. ஜனவரி 26-க்கு ராமநாதபுரத்துல மாவட்ட அணிவகுப்பு, நாங்க ராமேஸ்வரம் தீவுப் பசங்க. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர்ல தான் திறந்தாங்க, அதுக்கு முன்னாடி எங்களுக்கு ரயிலை விட்டா வேற வழி கிடையாது. காலையில கிளம்பினா நேரத்துக்கு போக முடியாதுன்னு முந்துன நாள் சாயங்காலமே மீட்டர் கேஜ் பாசஞ்சர்ல டிரம், பியூகிள், சிம்பல் தட்டு, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் மூட்டை எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு கிளம்புவோம்.

பெரிய டிரம்மை உள்ள வச்சா உட்காருறவங்க காலு பட்டு தோல் கிழிஞ்சிடும்னு வாசல்கிட்ட நிறுத்தி, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிச்சுக்குவோம். 1914-ல கட்டுன அந்தப் பழைய ரயில் பாலம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், வண்டி நடக்குற வேகத்துல தான் ஊரும். ஜனவரி மாசத்து வாடைக்காத்து வடக்கால இருந்து கம்பார்ட்மெண்ட்டுக்குள்ள நேரா வந்து அடிக்கும், அந்தக் காத்து தோல்ல மோதுனதும் யாரும் அடிக்காமலே டிரம் உறுமும் பாருங்க. லேசா, விடாம, "ம்ம்ம்ம்"ன்னு. கையை தோல் மேல வச்சா விரல் நுனி கூசும். எங்கள்ல சின்னப் பையன் ஒருத்தன், சிம்பல்காரன், பாலம் முடியுற வரைக்கும் காதை டிரம்லேயே ஒட்டி வச்சிருந்தான், எங்களுக்கும் முறை போட்டு கேக்கணும்னு ஒரே சண்டை.

ராத்திரி டவுன்ல ஒரு ஸ்கூல் வகுப்பறையில படுக்கை. வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு பாலிஷ் வாங்க காசு இருக்காது, சாக்பீஸை தண்ணியில நனைச்சு தேய்ச்சு காய வைப்போம். பாதிப் பேருக்கு ஷூவே இரவல் தான், சைஸ் பெருசா இருந்தா முன்னாடி துணி அடைச்சுக்குவோம். மறுநாள் கலெக்டர் கொடியேத்தினாரு, நாங்க வாசிச்சோம், கூட்டம் கை தட்டுச்சு. எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா அந்த டிரம் உறுமினது தான் இன்னைக்கும் கேக்குது.

"அமெரிக்காவுல டிரம் கோர்ன்னு ஒண்ணு இருக்கே, வீடியோ பார்த்தேன், நூத்துக்கும் மேல பசங்க மைதானம் பூரா ஓடி ஓடி வாசிக்கிறாங்க. நம்ம ஸ்கூல் பேண்டுக்கும் அதுக்கும் சொந்தம் உண்டா?"
சொந்த ஊர் மண்டபம், இப்போது துபாய்

உண்டு, நெருங்குன சொந்தம். ரெண்டுக்குமே மூலம் பட்டாளம் தான். நமக்கு வெள்ளைக்காரன் ராணுவத்துல இருந்து போலீஸ், சாரணர், என்.சி.சி., ஸ்கூல்னு இறங்கி வந்துச்சு. அங்க முதல் உலகப் போர் முடிஞ்சு ஊர் திரும்புன சிப்பாய்ங்க அவங்க சங்கங்கள் மூலமா முதல்ல தாங்களே டிரம்மும் பியூகிளும் வாசிச்சு, அப்புறம் ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்து வளர்த்தாங்க. சர்ச், சாரணர் குழு, பேட்டை சங்கம்னு ஒவ்வொண்ணும் ஒரு கோர் வச்சிருந்துச்சு. 1971-ல டிரம் கோர் இன்டர்நேஷனல்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, 1972-ல விஸ்கான்சின் மாநிலத்துல வைட்வாட்டர்ங்கிற ஊர்ல முதல் சாம்பியன்ஷிப் நடத்துனாங்க, கலிஃபோர்னியாவுல இருந்து போன அனஹெய்ம் கிங்ஸ்மென் ஜெயிச்சாங்க. இன்னைக்கும் வருஷா வருஷம் கோடையில நடக்குது.

அங்கயும் ஆரம்பத்துல நம்ம மாதிரி கட்டையில்லாத பியூகிள் தான். அப்புறம் ஒரு வால்வு, ரெண்டு வால்வு, மூணு வால்வுன்னு படிப்படியா விதியை தளர்த்திக்கிட்டே வந்தாங்க, அதனால இப்போ அவங்களால எந்தப் பாட்டும் வாசிக்க முடியும். நடையும் வேற. நம்ம குயிக் மார்ச் ஸ்டெப் 30 அங்குலம், அவங்க அஞ்சு கஜத்துக்கு எட்டு ஸ்டெப், அதாவது இருபத்திரண்டரை அங்குலம், மைதானத்துல போட்டிருக்குற கோட்டை வச்சே இடம் பிடிச்சுக்குவாங்க. அதிகபட்சம் 22 வயசு வரைக்கும் தான் ஆட முடியும், அதுக்கப்புறம் எவ்வளவு பெரிய வித்தைக்காரனா இருந்தாலும் வெளியே வந்துடணும். கோடை பூரா பஸ்ல ஊர் ஊரா போயி ஸ்கூல் ஜிம் தரையில படுத்து எந்திரிக்கிறாங்களாம், அதைப் படிச்சப்போ எனக்கு நம்ம ராமநாதபுரம் வகுப்பறை தான் ஞாபகம் வந்துச்சு.

பளபளப்புல, திறமையில அவங்க எங்கயோ போயிட்டாங்க, சந்தேகமே இல்ல. எனக்கு பொறாமை அதுல இல்ல. தன் பிள்ளை வாசிக்கிறதுக்கு ஒரு ஊர் இவ்வளவு செய்யுதே, அதுல தான்.

"பியூகிள், டிரம் எல்லாம் எங்க செய்யுறாங்க?"
மாணவர், சாயல்குடி

உத்தரப் பிரதேசத்துல மீரட். நாட்டுல பேண்டு வாத்தியம்னாலே பெரும்பாலும் அந்த ஊர் தான், அங்க ஜலி கோத்தின்னு ஒரு பகுதியில தெருவே இந்தத் தொழில் தான். செம்புத் தகட்டையும் பித்தளையையும் சுத்தியால தட்டி வளைக்கிறாங்க.

"கலாம் அய்யா அடக்கத்தை பேய்க்கரும்புல நேர்ல பார்த்தேன். ராணுவ மரியாதையில கடைசியா பியூகிள் ஊதுறாங்களே, அதை ஏன் ஊதுறாங்க?"
வாசகர், ராமேஸ்வரம்

2015 ஜூலை 30, நம்ம தீவே அழுத நாள். நீங்க கேக்குற அழைப்புக்கு பேரு லாஸ்ட் போஸ்ட். முன்னாடி பிரிட்டிஷ் ராணுவ முகாம்ல ராத்திரி காவல் நிலை எல்லாத்தையும் சுத்திப் பார்த்து முடிச்சாச்சு, கடைசி காவலும் சரியா இருக்கு, இன்னைக்கு நாள் முடிஞ்சதுன்னு அறிவிக்க ஊதுறது. அப்புறம் அதையே போய்ச் சேர்ந்த வீரருக்கு, உங்க காவல் முடிஞ்சது, இனி நிம்மதியா உறங்குங்கன்னு சொல்ல வச்சுக்கிட்டாங்க. முன்னாடி கீழக்கரை தங்கச்சிக்கு சொன்ன அதே அஞ்சு சுரம் தான், இதுலயும் வேற எதுவும் கிடையாது.

"அண்ணே, என் மக ஏழாவது படிக்கிறா. ஸ்கூல் பேண்டுல சேரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. பொம்பளப் புள்ள டிரம்மை மாட்டிக்கிட்டு ரோட்டுல போகணுமான்னு என் மாமியார் கேக்குறாங்க. எனக்கு ஆசையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு."
வாசகி, தொண்டி

அனுப்புங்கம்மா. மாமியார்கிட்ட கோவப்படாதீங்க, அவங்க காலத்துல பேண்டுன்னா ஆம்பளைங்க மட்டும் தான் பார்த்திருப்பாங்க. முதல் நாள் அவ வாசிக்கும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போயி முன் வரிசையில உட்கார வைங்க. எத்தனையோ வீட்டுல பார்த்திருக்கேன், முதல்ல வேண்டாம்னு சொன்ன பாட்டி தான் அப்புறம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் "எம் பேத்தி தான் முன்னாடி கோல் சுத்திப் போறா"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

உடம்பு விஷயத்துல ரெண்டு மூணு கவனிச்சா போதும். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு பெரிய டிரம் வேண்டாம், சைடு டிரம்மோ சிம்பலோ போதும், வாரை அவ உயரத்துக்கு சரியா அளந்து மாட்டச் சொல்லுங்க. பியூகிள்னா ஆரம்பத்துல ஒரு தடவைக்கு பத்து நிமிஷம், உதடு மரத்துப் போனா உடனே நிறுத்திடணும், இறுக்கி அழுத்தி ஊதவே கூடாது. வாய் வைக்குற கிண்ணத்தை மட்டும் அவளுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக் கொடுங்க, நாங்க ஒரே கிண்ணத்தை சட்டையில துடைச்சுட்டு மாத்தி மாத்தி ஊதினோம், காய்ச்சல் வந்தா பியூகிள் வரிசைக்கே வரும்.

இன்னொண்ணு சொல்றேன், இது நான் ஆசிரியரா இருந்தப்போ கண்ணால பார்த்தது. நம்ம கடற்கரையில எட்டாவது ஒன்பதாவது வந்ததும் பையன் அப்பாகூட கடலுக்குப் போக ஆரம்பிச்சிடுவான், பொம்பளப் பிள்ளைங்களை வீட்டு வேலைக்கு நிறுத்திடுவாங்க. படிப்பு வரல, ஓட்டப்பந்தயத்துல ஜெயிக்கல, ஸ்கூல்ல நம்மள யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிற பிள்ளை தான் முதல்ல நின்னு போகும். அந்த மாதிரி பிள்ளைக்கு ஒரு டிரம்மை மாட்டி விட்டா, நாளைக்கு நான் வரலைன்னா வரிசையில ஓட்டை விழும்னு அதுக்கு தெரியும். அதுக்காகவே வரும். வந்துட்டு பத்தாவதும் எழுதிடும். அப்படி எழுதுனவங்க எத்தனையோ பேர் இன்னைக்கு என்னை ரோட்டுல பார்த்தா வண்டியை நிறுத்துறாங்க, அதனால தான் இந்த விஷயத்துல நான் இவ்வளவு அடிச்சுப் பேசுறேன். உங்க மக படிக்கிற புள்ளையாவே இருக்கலாம், ஆனா வரிசையில அவளுக்கு பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு அவ வேணும்.

"சார், நான் பாம்பன் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல வேலை பார்க்குறேன். ஸ்டோர் ரூம்ல பழைய டிரம் ஆறு, பியூகிள் நாலு கிடக்கு. தோல் தொய்ஞ்சு, பியூகிள் எல்லாம் பச்சை பூத்துப் போச்சு. திரும்ப பேண்டு ஆரம்பிக்க முடியுமா, இல்ல எடைக்கு போட்டுடலாமா?"
ஆசிரியை, பாம்பன்

எடைக்கு மட்டும் போட்டுடாதீங்க டீச்சர். செம்பும் பித்தளையும் ஓட்டை விழாத வரைக்கும் சாகாது. பச்சையா இருக்குறது களிம்பு தான், உப்புக் காத்துல நம்ம ஊர்ல எந்தப் பித்தளையும் அப்படித்தான் ஆகும். புளியைக் கரைச்சு தேய்ச்சு, உடனே நல்ல தண்ணியில அலசி, துணியால துடைச்சு நிழல்ல வைங்க, புளியை ஊற வச்சுட்டு மறந்துடக் கூடாது, அரிச்சிடும். குழாய்க்குள்ள வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு மூணு தடவை ஊத்தி ஆட்டி விட்டு கவுத்து வைங்க, உள்ள பூச்சி கூடு கட்டியிருக்கும். அப்புறம் தினமும் வாசிச்சு முடிச்சதும் உள்ள இருக்குற ஈரத்தை வடிச்சுட்டு துணிப்பையில போட்டு வச்சா மறுபடி பச்சை பூக்குறது ரொம்ப குறையும்.

டிரம்ல இருக்குறது பிளாஸ்டிக் தோலா ஆட்டுத் தோலான்னு பாருங்க. பிளாஸ்டிக்னா திருகாணியை எதிரெதிரா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினா போதும், ஒரே பக்கம் முறுக்கினா வளையம் கோணிடும். ஆட்டுத் தோலுன்னா ஈரத்துல தொய்யும், வெயில்ல இறுகும். வாடை மழைக் காலத்துல நாங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இளவெயில்ல சாய்ச்சு வைப்போம். கயிறு கட்டுன டிரம்னா அந்தக் கயிறுல கோத்திருக்குற தோல் காதை கீழ இறக்கி இறுக்கணும், வாசிச்சு முடிச்சதும் மறக்காம தளர்த்திடணும், இல்லைன்னா மறுநாள் வெயில்ல தானா இழுத்து கிழிஞ்சிடும்.

பிள்ளைங்களை சேர்க்கும்போது நல்லா படிக்கிறவங்களை மட்டும் பொறுக்காதீங்க. முதல் வருஷம் பியூகிளை தொடவே வேண்டாம், டிரம் மட்டும் போதும், டிரம் வரிசை ஒழுங்கா நடந்தாலே பார்க்குறதுக்கு பேண்டு தான். ஜூன்ல பெஞ்சுல ஆரம்பிச்சா ஆகஸ்ட் 15-க்கு ஒரே ஒரு மார்ச் தாளம் தப்பில்லாம வந்துடும். பயிற்சியை மணல்ல வைங்க, மணல்ல காலை தூக்கி வச்சு பழகுன பிள்ளைக்கு தார் ரோடு ரொம்ப சுலபம்.

தோல் புதுசா மாட்டணும்னா வெளியூருக்கு அனுப்பாதீங்க. உங்க பக்கத்துலயே தவிலும் உருமியும் வாசிக்கிற கலைஞர்கள் இருப்பாங்க, தோலை எவ்வளவு நேரம் தண்ணியில ஊறப் போடணும், வளையத்துல எப்படி மடிச்சு சுத்தணும், நிழல்ல எப்படி காய வைக்கணும்கிறதெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. கூலியை பேசி மரியாதையா ஸ்கூலுக்கு கூப்பிடுங்க, மாட்டும்போது பிள்ளைங்களையும் சுத்தி உட்கார வைங்க, அடுத்த தடவை அவங்களே மாட்டிக்குவாங்க.